காருக்குள் நெல்லி கிறஷ்

எங்கள் காரில் ஹீற்றர் என்றொரு சாமான் இருப்பதே அது ஒழுகத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். யப்பான் குளிரில் ஓடிப் பழகிய பழைய கார் அது. பண்டத்தரிப்பு வெயிலில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கிறவனை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடு இருந்தார். கனடாவில் ஒருவரைப் பேசி, வீடியோவில் கதைக்க வைத்து, மாப்பிள்ளை வந்து கலியாணப் பதிவு எழுதிவிட்டுப் போய், விசாவும் வந்துவிட்டது. வியாழக்கிழமை பயணம். எங்கள் காரிலேயே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மச்சாளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும் என்பது அவருடைய கவலை.

திங்கட்கிழமை அம்மா காரைத் துப்புரவாக்கப் போனபோது, முன் சீற்றில் கால் வைக்கும் இடத்தில் விரிப்பு நனைந்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. மணந்தால் இனிப்பு வாசம். நிறமும் இலேசான பச்சை. முதல் நாள்தான் சின்னம்மாவுக்காகத் தேவாலயத்தில் வழியனுப்பு ஜெபம் நடந்தது. முடிந்ததும் எல்லாருக்கும் குடிக்க நெல்லி கிறஷ் கொடுத்தார்கள். நான் என் கப்பைக் காருக்குள் கொண்டுவந்ததை அம்மா கண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பச்சையாய், இனிப்பாய், பிசுபிசுப்பாய் ஒன்று சிந்தியிருந்தால் அது வேறென்னவாக இருக்கும்? விசாரணை அத்தோடு முடிந்தது.

"நான் ஊத்தேல்லை அம்மா."

"வாயைத் திறந்தால் பொய். பயணம் போற காருக்குள்ளை எறும்பு ஏறப்போகுது."

காதில் ஒரு முறுக்கு விழுந்தது. விரிப்பைத் தேய்த்துக் கழுவும் வேலையும் என் தலையில்தான். சின்னம்மா பக்கத்தில் நின்றார். எனக்காக எப்போதும் பரிந்து பேசுகிறவர் அன்று வாயே திறக்கவில்லை. காது நொந்ததைவிட அதுதான் எனக்கு நொந்தது.

மறுநாள் அப்பா, சின்னம்மா, நான் மூவரும் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. முன் கண்ணாடியின் உட்பக்கம் பனிப்புகார் பிடித்ததுபோல மங்கியது. அப்பா இடைக்கிடை நிறுத்தி, ஆறவிட்டு, போத்தல் தண்ணீர் ஊற்றி, ஒருவாறு தெரிந்த கராஜில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மெக்கானிக் மல்லாந்து கிடந்து டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணை, ஹீற்றர் ஒழுகுது. உதுக்குள்ளையும் றேடியேற்றர் தண்ணிதான் ஓடுறது. கூலன்ற் குறையேக்கை என்னத்தை விட்டனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான் தம்பி."

"அது கேத்திலுக்குள்ளையே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படியுது. காரை மட்டும் அரிக்காமல் விடுமே?"

தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஊருக்கே பெருமையடிக்கும் அப்பா கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. விரிப்பை நனைத்தது எஞ்சினை ஆற்றும் பச்சைக் கூலன்ற், நான் நிரபராதி. அன்றிரவு இதைக் கேட்ட அம்மா, "அப்ப நீ ஏன் கப்பைக் காருக்குள்ளை கொண்டுவந்தனீ?" என்று வழக்கை மாற்றிக்கொண்டது வேறு கதை.

புது ஹீற்றர் எடுப்பிக்கப் பத்து நாளாகும் என்றார் மெக்கானிக். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது; சின்னம்மாவின் முகம் விழவில்லை. "இஞ்சை ஆருக்கு அண்ணை ஹீற்றர் வேணும்?" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் ஹீற்றருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கழற்றினார். இரண்டையும் ஒரு செப்புத் துண்டால் பொருத்திக் கிளிப் போட்டு இறுக்கினார். இனித் தண்ணீர் ஹீற்றர் பக்கமே போகாது.

"அப்ப கார் ஓடுமோ?" என்று சின்னம்மா கேட்டார்.

"ஓடும் அக்கா. சூட்டுக் காத்துத்தான் வராது."

"வியாழக்கிழமைக்கு ஓடுமோ?"

"இப்பவே ஓடும் அக்கா."

பயணத்துக்கு எவ்வளவு அவசரப்பட்டு அந்தரப்படுகிறார் என்று மெக்கானிக் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வியாழக்கிழமை ஒரு சொட்டும் ஒழுகாமல் கார் ஓடியது. பாதி வழியில் அம்மாவும் அப்பாவும் தேநீர் குடிக்க இறங்கிப் போனார்கள். சின்னம்மா பின் சீற்றில் என்னோடு இருந்தார்.

"பிள்ளை, அந்த ஈரம் எனக்கு ஒரு கிழமையாத் தெரியும். முன்னுக்கு இருக்கேக்கை கால் நனையிறது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு கிழமை! நான் காதில் முறுக்கு வாங்கும்போதும் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருந்தால் அப்பா அப்பவே திருத்தியிருப்பார்தானே," என்றேன் அழாக்குறையாக.

"ஓம்," என்றார் சின்னம்மா. "திருத்தியிருப்பார்."

என் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து, பெரிய மனது பண்ணி நான் அவரை மன்னித்துவிட்டேன்.