பத்தாவது ஆள்

புதுப்பட்டினத்தில் சின்னதாக ஒரு லாண்டரி வைத்திருக்கிறேன். கடற்கரை ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளை மெஷினில் தேய்த்துக் கொடுப்பது தொழில். பத்துப் பேர் வேலை பார்த்தால் எல்லோரையும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்த்து, மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பதிவேட்டில் ஒன்பது பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்தாவது ஆள் செல்வி. “ஆபீசர் யாராச்சும் வந்தா கட்டப்பைய எடுத்துகினு வெளிய நில்லு. துணி போட வந்தேன்னு சொல்லு” என்று அவளைப் பழக்கியதே நான்தான். இரண்டு முறை அப்படி நின்றாள். ஆபீசர் போனதும் எல்லோரும் சிரித்தோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, விரிப்போடு சேர்த்து அவள் வலது கையையும் உருளை இழுத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் விரல்கள் வெந்து நசுங்கிவிட்டன.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். “எங்கம்மா வேலை பாக்குற?” என்று டாக்டர் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். வலியில் உதடு கோணியிருந்தது.

“வேலைலாம் இல்ல சார். துணி போடப் போனேன். நான்தான் தெரியாம மெஷின்ல கைய வெச்சிட்டேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா பாய்?”

நான் தலையாட்டினேன்.

நான்கு விரல்கள் போயின. அவள் இடத்துக்கு வந்தவளோடு, இப்போது லாண்டரியில் இருக்கும் பத்துப் பேரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்த்துவிட்டேன். அவளைச் சேர்க்க வழியில்லை. அவளால் இனி வேலைக்கு வர முடியாது.

போன வாரம் பார்க்கப் போனேன். இடது கையால் டீயை நீட்டினாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க பாய். இந்தக் கைதான் கீது.”

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.