குதிக்காமல் இறங்கிய மேடை

1. ஈப்போவில் ஏர்கான் பழுதுபார்க்கும் படிப்பை முடித்தேன்.
2. வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், ஓர் உல்லாசக் கப்பலில் அதே வேலைக்கு மனுப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.
3. கப்பல் ஏறுவதற்கு முன், உயிர்காப்பு அங்கியுடன் உயரமான மேடையிலிருந்து நீச்சல்குளத்தில் குதித்துக் காட்ட வேண்டும் என்றார்கள்.
4. மேடை ஏறினேன். குதிக்காமல் படி வழியாகவே இறங்கி வந்தேன்.

ஈப்போவுக்கு அருகே லகாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பள்ளம் ஒன்று குளமாகக் கிடக்கிறது. அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் அந்தப் பக்கம் போனாலே அம்மா ரோத்தான் பிரம்பை எடுத்துவிடுவார். அப்படி வளர்ந்த கால்கள் மேடை விளிம்பில் நகர மறுத்தன.

அண்ணனுக்குச் சிரிப்பு. "கப்பல்ல வேலைக்குப் போறவளுக்குத் தண்ணியப் பாத்தா பயமா? பேசாம இங்கயே ஏர்கான் கழுவு லா."

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் என்னோடு ஈப்போ நீச்சல்குளத்துக்கு வந்தார். அங்கிருந்த சிறிய மேடையில் நான் நின்றதும் அவர் முகம் வெளிறியது. அதைப் பார்த்து நான் விளிம்பிலிருந்து பின்வாங்கினேன்.

"என் மூஞ்சியப் பாக்காத. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீ குதி."

அவர் முதுகைப் பார்த்தபடி குதித்தேன்.

"மேல வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் திரும்பினார்.

திங்கட்கிழமை மறுசோதனை. தவறினால் வேலை இல்லை. சோதனை நடக்கும் இடத்தில் அம்மாவை உள்ளே விட மாட்டார்கள். உயரமான மேடையிலிருந்து நான் இன்னும் குதித்ததில்லை.