பதினேழாவது கேள்விக்கு எழுதிய பூஜ்யம்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம். அபுதாபி முசஃபாவில், குழாய்களை வெட்டி வெல்டிங் செய்து தரும் பட்டறை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்தேன். வயது அறுபத்தொன்று. எதையாவது எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் தங்கிய கேம்பில் படிக்கட்டு இருபத்திரண்டு. பட்டறை விளக்குகள் நாற்பத்தாறு, அதில் எரியாதவை ஐந்து.

பெரிய குழாயைப் புரட்ட முன்பெல்லாம் நான்கு பேர் சங்கிலி போட்டு இழுப்பார்கள். எங்கள் குழுவில் ஏழு பேர் சேர்ந்து, கழித்துப் போட்ட உருளைகளை வைத்து ஒரு தாங்கி செய்தோம். காலால் ஒரு மிதி மிதித்தால் குழாய் திரும்பும், ஒருவர் போதும். யோசனையில் பாதி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவருடையது. எட்டாவது வரை படித்தவர். பொறியியல் புதுமைக்குக் குழு விருது தருகிறார்கள் என்று மேனேஜர் விண்ணப்பப் படிவத்தோடு வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"சர்டிபிகேட்ல எம்பேரும் வருமா சார்?"

"ஏழு பேர் பேரும் வரும்" என்றேன்.

படிவம் பதினான்கு பக்கம், இருபத்துமூன்று கேள்விகள். பூர்த்தி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பதினேழாவது கேள்வி, கருவி வந்த பிறகு எத்தனை பேருக்குக் காயம் என்பது. பூஜ்யம் என்று எழுதி, எட்டு மாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன். அப்போது அது உண்மை.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. காலை பத்து நாற்பதுக்குக் குழாய் வழுக்கி, அந்த ஃபிட்டரின் இடது மோதிர விரல் உருளையில் மாட்டிக்கொண்டது. எடுத்தபோது நீலம் பாரித்திருந்தது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். போனால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டின் நகலைப் படிவத்தோடு இணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வருடப் பழக்கத்தில் அவரை நான் தம்பி என்று அழைத்ததில்லை. அன்று அழைத்தேன்.

"தம்பி, ரொம்ப வலிக்குதா? ஒரு நாலு நாள் மட்டும்..."

முடிக்க விடவில்லை அவர். "வெளங்குது சார். இது என்ன, கடல்ல இதவிடப் பட்டிருக்கேன்."

மருந்துக்கடையில் களிம்பு வாங்கி, இரண்டு ஐஸ்குச்சி வைத்து நானே கட்டினேன். மாலையில் சேஃப்டி ஆபீசர் வழக்கம்போல் எட்டிப் பார்த்து, இன்று ஏதாவது உண்டா என்று கேட்டார். "மாஃபி" என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்து நான் முதலில் கற்ற அரபுச் சொல்.

படிவத்தை அனுப்பிய பிறகாவது டாக்டரிடம் போயிருக்கலாம். அடி எப்போது பட்டது என்று கேட்பார்களே என்ற பயம். தினமும் அவரிடம் விசாரித்தேன். தினமும் "பரவால்ல சார்" என்றார். அந்தப் பதிலைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து, துபாயில் ஒரு ஹோட்டலில் விழா. ஏழு பேரும் போனோம். அவர் யாரிடமோ கோட் வாங்கிப் போட்டிருந்தார். விருது வேறு குழுவுக்குப் போனது. அவர்கள் தங்கள் கருவியைத் திரையில் காட்டினார்கள். அதில் இருவருக்குக் கை நசுங்கியதையும், அதனால் ஒரு தடுப்பு பொருத்தியதையும் சொன்னார்கள். மறைக்காமல் எழுதியதற்காகவே கூடுதல் மதிப்பெண் தந்ததாக நடுவர் ஒருவர் மேடையில் பாராட்டினார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபிட்டர் என் பக்கம் சாய்ந்தார். "அவுங்க ரெண்டு பேரு கைய நசுக்கிருக்காவ சார். நாம ஒண்ணுதான. அதான் தோத்துட்டோம்."

மற்ற ஐவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் தண்ணீர்க் குவளையை அவர் இடது கையால் எடுத்தபோது நான்கு விரல்கள் மடங்கின. ஒன்று நீட்டிக்கொண்டே நின்றது.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது, முதல் வாரத்திலேயே வந்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம். ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து தன் கல்யாண மோதிரத்தை எடுத்து அந்த விரலில் போட்டுப் பார்த்தார். கணுவுக்கு மேல் ஏறவில்லை. வேலைக்கு வரும்போது கழற்றி வைப்பார். இனி எப்போதுமே போட முடியாது.

இப்போது அவர் ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். நான் ஷார்ஜா ரோலாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு எடுத்த படம் அனுப்புவார். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் மோதிரம், கழுத்தில் ஜெபமாலையோடு தொங்குகிறது. மூன்றின் கீழேயும், உடம்பைப் பார்த்துக்கோங்க சார் என்று ஒரு வரி. அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்காக அவர் ஒரே ஒரு முறை என்னைத் திட்டியிருந்தால், இந்தப் படங்களைக் கொஞ்சம் நிம்மதியாகப் பார்த்திருப்பேன்.