நான் திறந்து பார்க்காத டிஸ்க்

பதினொரு மாதம் நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத முடியாது.

யுத்தம் முடிவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அது. தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் கண்டிக் கந்தோரில், கணினிப் பிரிவில் வேலை செய்தேன். பிரிவு என்றால் இரண்டே பேர்: நானும் என் மேலதிகாரியும். அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பெரிய இயந்திரத்துக்குள் எங்களுடைய ஏழெட்டுக் கணினிகள் ஓடின. விஎம் என்போம். கையால் தொட முடியாத கணினி. முழுக் கணினியும் ஒரு கோப்புதான். அதைப் பிரதியெடுத்து வைத்துவிட்டால், பெரிய இயந்திரம் எரிந்தே போனாலும் வேறொன்றில் அதே கணினியை எழுப்பிவிடலாம். அவற்றில் முக்கியமானது தொழிலாளர் பதிவேடு. எந்தத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, யார் குடும்பத்தில் யார் யார் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

வியாழக்கிழமை பிரதி எடுப்பேன். வெள்ளிக்கிழமை அந்த டிஸ்கைப் பிலிமத்தலாவையில் இருந்த எங்கள் களஞ்சியத்தின் இரும்புப் பெட்டியில் கொண்டுபோய் வைப்பேன். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை மூலையில் கிடந்த பழைய கணினியில் மீட்டு, உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

காரணம் வேறொன்றுமில்லை, வீம்பு. மிஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்தவன்; மூக்கு நுனியில் கோபம். அவர் எதைச் சொன்னாலும், தோட்டத்தான் என்று நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படும். "பிரதி சரின்னு பச்சை டிக் வந்திருக்கே மிஸ், அப்புறம் என்னத்தைத் திறந்து பார்க்கிறது? வெட்டி வேலை" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அவரிடம் நான் கேலி செய்த இன்னொரு விஷயமும் இருந்தது. பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கம் அவர் நடக்கவே மாட்டார். வெயிலோ மழையோ, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவருடைய அண்ணனை ஒருமுறை ஒரு கையெழுத்துக்கு என்று கூப்பிட்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் விட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரியாமல் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை பிலிமத்தலாவைக்குப் போகும் வழியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சாப்பாட்டுப் பைக்குள் துவாயில் சுற்றிய டிஸ்க். "மொக்கத மே?" என்றான் சிப்பாய். இது என்ன என்ற அந்த ஒரு கேள்விக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்திலெல்லாம் பதில் சொன்னேன். பஸ் போய்விட்டது. என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பொறுப்பதிகாரி டிஸ்கைத் தன் கணினியில் செருகினார். அந்தக் கணினிக்கு எங்கள் டிஸ்கை வாசிக்கத் தெரியாது. இது வெறும் டிஸ்க், அழித்துப் புதிதாக்கட்டுமா என்று திரையில் கேட்டது. அவர் விரல் மவுஸில் இருந்தது.

"எபா!" என்று அலறினேன். வேண்டாம் என்று பொலிஸ்காரரைப் பார்த்துக் கத்துகிற அளவுக்கு எனக்கு அறிவு! நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர் என் சட்டையைப் பிடித்துக் கதிரையில் அமுக்கினார்.

அதிகாரி சத்தம் போடவில்லை. உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் டிஸ்கையும் என்னையும் மாலையில் கொழும்புக்கு அனுப்புவேன் என்றார். அந்தக் காலத்தில் கொழும்புக்கு விசாரணைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கந்தோருக்கு ஒரு அழைப்பு எடுக்க விட்டார்கள்.

"மிஸ், டிஸ்கைத் திறந்து காட்டணுமாம். அந்தப் பழைய கம்பியூட்டரை யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

"சரி. பதறாமல் இரும்" என்று வைத்துவிட்டார்.

யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அம்மிக்கல் கனம் கனக்கும் அந்தக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்ஸே வந்திருந்தார். அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்த அதிகாரி, அதைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். இப்போது மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

"இது நிச்சயமாகத் திறக்குமா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

பதினொரு மாதத்தில் ஒரு பிரதியைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. டிக் பச்சையாக வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். என் வீம்பு என்னை விழுங்கட்டும். இந்தப் பெண்ணையும் சேர்த்தல்லவா விழுங்கப் போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது.

"திறக்கும்" என்றார் மிஸ், சிங்களத்தில், நிதானமாக. "நேற்றுப் பின்னேரமும் திறந்தது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வயர்களைச் செருகிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. தொண்ணூறைத் தாண்டி ஓரிடத்தில் அசையாமல் நின்றது. நானும் மூச்சை அடக்கி நின்றேன். பிறகு நகர்ந்தது. கணினி எழும்பி, எங்கள் கம்பனியின் பழக்கமான பச்சைத் திரை வந்தது. மிஸ் கடவுச்சொல்லை அடித்தார்.

"இவனுடைய விலாசத்தை எடு" என்றார் அதிகாரி, என் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

தோட்டம், டிவிஷன், லயம் என்று மிஸ் தேடினார். என் அம்மாவின் பெயர் வந்தது: கொழுந்து எடுப்பவர், இத்தனையாம் இலக்கம். அதன் கீழே பிள்ளைகள் வரிசையில் என் பெயரும் பிறந்த திகதியும். அதிகாரி அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாரா?"

"போறாங்க சேர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது. லாச்சியைத் திறந்து மிஸ்ஸின் அட்டையை எடுத்து, இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தார்.

த்ரீவீலில் இருவரும் திரும்பினோம். வழியில் கேட்டேன். "நேத்து யார் மிஸ் திறந்தது?"

"நான்தான். ஒவ்வொரு வியாழனும் நீர் போன பிறகு நான்தான் திறந்து பாக்கிறனான்."

"அப்ப என் கையெழுத்து பொய்யின்னு தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும்."

"ஏன் மிஸ் சொல்லல?"

"சொன்னால் நீர் கத்துவீர். கத்திப்போட்டு வேலையை விட்டிட்டுப் போவீர். பிறகு உம்மட வீட்டுப்பாடு என்னாகிறது?"

கணினி இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அதை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

"பொலிஸ் வாசலை மிதிக்கிறேல்லை எண்டு இருந்தனான்" என்றார். "வரும்போது இரண்டு தரம் த்ரீவீலைத் திருப்பச் சொன்னனான்."

"யாரையாவது அனுப்பியிருக்கலாமே மிஸ்."

"ஆரை அனுப்புறது? அது திறக்கும் எண்டு எனக்கு மட்டும்தானே தெரியும். உமக்கே தெரியாதே."