அண்ணன் குடியை விட்டதும் நான் செய்த தவறும்

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் ஓட்டையைத் தேடி அலைந்தன. அண்ணி வந்து போட்டுவிட்டாள். அவள் போட்ட விதத்திலேயே, இது முதல் நாள் அல்ல என்று தெரிந்தது.

புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் எங்கள் வீடு. அண்ணன் பஞ்சாலைத் தொழிலாளி. தொண்டையில் அடைக்கும் பஞ்சுத் தூசியைச் சாராயம்தான் கழுவும் என்பது ஆலையில் எல்லாரும் நம்பிய வைத்தியம். வேலை முடிந்ததும் ஒரு கிளாஸ் என்று தொடங்கியது, இப்போது விழித்ததுமே தேவைப்பட்டது.

நான் பிரெவே (பிரெஞ்சுப் பள்ளித் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படித்தவள் என்ற துடுக்கில் ஒரு திட்டம் போட்டேன். கோரிமேட்டு எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே மதுவிலக்கு. அங்கிருந்து இங்கே குடிக்க வருகிறார்கள்; நாம் குடிக்காமலிருக்க அங்கே போவோம். எல்லைக்கு அப்பால் அண்ணியின் தாய்வீடு இருந்தது. கிடைக்காவிட்டால் மறந்துவிடுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அண்ணனும் மறுக்கவில்லை. அவருக்கும் விட்டுவிட ஆசை.

முதல் நாள் வியர்வை. இரண்டாம் நாள் வாந்தி, தூக்கமில்லை. "விஷம் எறங்குது அண்ணி" என்று தேற்றினேன். மூன்றாம் நாள் அண்ணன் காற்றில் இல்லாத நூலிழைகளைப் பிடித்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். "அறுந்துட்டே இருக்குது பாரு. மேஸ்திரி வர்றாரு" என்றார். பிறகு வலிப்பு வந்தது.

வண்டி பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஊசி போட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நிறுத்தணும்னு நெனச்சது சரி. ஒரேயடியா நிறுத்தினதுதான் தப்பு. பழகின ஒடம்பும்மா அது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா செத்திருப்பாரு."

இதை நடுக்க ஜன்னி (குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று குடி கிடைக்காமல் நிலைதடுமாறுவது) என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் மருத்துவரிடம் போங்கள். கதவைப் பூட்டுவதும் ஊரை மாற்றுவதும் வைத்தியமாகாது.

பத்து நாளில் அண்ணன் தெளிந்தார். மருந்து முடிந்ததென்று நான் மூட்டை கட்டினேன். டாக்டர் விடவில்லை. அண்ணியை உட்கார வைத்துக் கேட்டார்: என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், வேலை விட்டு எந்தத் தெரு வழியாக வருகிறார், யாரோடு வருகிறார். பிறகு சொன்னார்: "ஈரல் என் பொறுப்பு. சாயங்காலம் அஞ்சு மணி உங்க பொறுப்பு." ஐந்து மணிக்கு வேலை விட்டு வெறும் வயிற்றோடு ஆலை வாசலைத் தாண்டுவதுதான் ஆபத்து என்றார். தூசி குறைந்த பகுதிக்கு மாற்றச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி அதைப் படிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

அண்ணி சோற்றுத் தூக்கோடு ஆலை வாசலுக்கே போனாள். துணைக்கு நானும் போனேன்.

"என்னா தங்கச்சி, புள்ளைய அழைச்சிட்டுப் போக வந்துட்டியா?" என்றார் கூட வேலை செய்யும் ஒருவர்.

"ஆமாண்ணே. ஒங்கள அழைச்சிட்டுப் போக யாரும் வரலியா? பாவம்" என்றாள் அண்ணி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் தலை குனிந்தபடி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஒரே ஒரு முறை சறுக்கினார். சாவு வீட்டில், பாடை தூக்கியவர்களுக்கு ஊற்றியிருக்கிறார்கள். நான் கத்தினேன். டாக்டரிடம் அழைத்துப் போனால் அவர் கத்தவில்லை. "மொதல்லேர்ந்து இல்லம்மா, விட்ட எடத்துலேர்ந்து தொடங்கலாம்" என்றார்.

ஓராண்டு ஆகப்போகிறது. போன வாரம் வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார்.

"மணி என்னா கமலா?"

"ஆறரை."

"இன்னும் ஆறரைதானா?" தெருவைப் பார்த்தார். "சாயங்காலம் இவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியாமலே போச்சி. இத வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.