தொட்டில் கயிற்றில் கறுப்புக் கல்

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கையில் ஒரு கறுப்புப் பாசி வளையம் கிடக்கும். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் கொடுத்ததாம். எரிமலைக் கல்லை உருட்டிக் கோத்தது. நடுநடுவே பச்சையும் செம்மண் நிறமுமாகச் சில வழவழப்பான கற்கள். கறுப்புக் கல் மட்டும் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். எனக்குப் பார்க்கவே பிடிக்காது. நம் போடி ஊரைச் சுற்றி மலையாக நிற்கிறது, கல்லுக்கா பஞ்சம், கப்பலேறி வேறு வர வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தாரே தவிர, கழற்றவில்லை.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. பறிப்புக் காலத்தில் விறகுச் சூட்டை விட்டு நகர முடியாது. எப்போதாவதுதான் லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்குவார்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அவருடைய அக்கா, என் மூத்த நாத்தனார், எங்களோடுதான் இருந்தார். மலையிலிருந்து வருகிறவனோடு காத்து கருப்பும் கூட வரும், குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தம்பி தெருமுனையில் தெரிந்ததுமே வெந்நீர் வைத்துவிடுவார். சீயக்காய், வாசனை சோப்பு, முகத்துக்குப் பவுடர் என்று மாப்பிள்ளை அலங்காரம் முடிந்த பிறகுதான் தொட்டில் பக்கம் விடுவார். இவரும் ஆசையாகக் கையை நீட்டுவார். பிள்ளை வீலென்று அலறும்.

அப்படி வந்த ஒரு தடவை வளையத்தின் நூல் அறுந்துபோனது. கோத்து வை என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். சாக்குத் தைக்கிற நூலில் கெட்டியாகக் கோத்துத் தொட்டில் கயிற்றில் கட்டினேன். பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. பளபளக்கிற கல்லையெல்லாம் விட்டுவிட்டுக் கறுப்பை இழுத்து மூக்கில் தேய்த்துக்கொண்டே தூங்கும். அப்பனுடைய ரசனைதான் மகளுக்கும் என்று நொந்துகொண்டேன்.

அடுத்த தடவை வந்தபோதும் குளித்துவிட்டுத்தான் தூக்கினார். பழைய அலறல்தான். இந்தத் தடவை அவருக்கு முகமே செத்துப்போனது.

"எம்பிள்ளைக்கு நான் வேத்தாளாப் போயிட்டேன்," என்றார். சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. வளையத்தைக் கேட்கக்கூட இல்லை, பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று விட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மழை நாள் சாயங்காலம். நாத்தனார் கோவிலுக்குப் போயிருந்தார். பல் முளைக்கிற நேரம், பிள்ளை காய்ச்சலில் கத்திக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது இவர் நனைந்தபடி உள்ளே வந்தார். பிள்ளையைத் தொடப் பயந்து, கயிற்றைப் பிடித்து ஆட்ட மட்டும் செய்தார். அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் விரலைப் பிடித்து மூக்கோடு வைத்திருந்தாள். அவர் மேலிருந்து ஏலமும் புகையும் கலந்து வந்தது. நான் போய் அந்தக் கறுப்புக் கல்லை முகர்ந்தேன். அதே வாசம், பொத்தலெல்லாம் அதைக் குடித்து வைத்திருந்தது. இத்தனை நாளும் பிள்ளைக்குத் தெரிந்த அப்பனை வாசலிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு, சோப்புக்கட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறோம்.

தூக்கினார். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து, குளிக்காமல் தூக்கினாயா என்று பதறிக்கொண்டு தண்ணீர் காய வைக்க ஓடினார்.

"அந்த வெந்நியில நீங்க குளிங்க மதினி," என்றேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

மலைக்குத் திரும்பும்போது இவர் வளையத்தை அவிழ்த்துப் பார்த்தார். வாசம் குறைந்துவிட்டது, கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.

"அது வரைக்கும் தொவைக்காத சட்டை ஒண்ண விட்டுட்டுப் போங்க," என்றேன்.

பிள்ளைக்காகத்தான் கேட்டேன் என்பதை நாத்தனார் கடைசிவரை நம்பவில்லை.