பழைய வீட்டுக்குப் போன ஷூ

கண்ணுகளா, அந்த ஷூ விஷயத்தில் உங்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதி வைக்கிறேன்.

மாவட்ட ஓட்டப் போட்டி சனிக்கிழமை. பெரியவளின் ஸ்பைக் ஷூ அடி பிளந்துவிட்டது. முன்பு அதை வாங்கிய ஆன்லைன் கடையையே போனில் திறந்தேன். பெயர் சொல்லி ‘மீண்டும் வருக’ என்றது. பெருமையாகத்தான் இருந்தது. காந்திபுரத்தில் இத்தனை வருடம் துணி எடுத்தும் ஒரு கடைக்காரர் என் பெயர் கேட்டதில்லையே. சிங்காநல்லூருக்குக் குடிவந்தபோதே அந்தக் கடையில் முகவரியை மாற்றியிருந்தேன். அந்தத் தைரியத்தில் சரிபார்க்காமல் ஆர்டரை அழுத்திவிட்டேன்.

வியாழன் மத்தியானம் பட்டறையில் லேத் முன்னால் நிற்கிறேன், போன் வந்தது.

“ஏனுங்க, பார்சலுங்க. ஊட்டு முன்னால நிக்கறனுங்க, கதவு பூட்டியிருக்குதுங்க.”

“அம்மணி கடைக்குப் போயிருக்கும். வாசல்லயே வெச்சுப்போடுங்க.”

“ஓடிபி சொன்னீங்கன்னா வெச்சுப்போட்டுப் போயிருவனுங்க.”

சொல்லிவிட்டேன். எந்த வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் வந்தால் வாசலில் ஒன்றுமில்லை. ஆர்டரைத் திறந்தேன். நாம் காலி செய்துவிட்டு வந்த ரத்தினபுரி வீட்டு முகவரி இருந்தது. நான் கொடுத்திருந்த புது முகவரி கீழே இரண்டாவதாகக் கிடந்தது. கடை பழையதை அதுவாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினாள். “நீங்க எங்க பழைய கஸ்டமர் சார், உங்களை ரொம்ப மதிக்கிறோம். ஆனா ஓடிபி நீங்கதான் குடுத்திருக்கீங்க.”

“முகவரிய மாத்திக் குடுத்தனுங்களே!”

“ரெண்டுமே உங்க முகவரிதான் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

என்ன உதவி செய்துவிட்டாள், வேறு உதவி வேண்டுமா என்று கேட்க?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரத்தினபுரிக்குப் போனேன். நம் பழைய வீட்டில் இப்போது இருப்பவர்கள் விசேஷத்துக்குத் தாராபுரம் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

“பொட்டி நேத்து வாசல்ல கெடந்துச்சுங்க. காலைல பாத்தா காணோமுங்க. ஏனுங்க, ஊட்டக் காலி பண்ணிப்போட்டும் பொட்டிய மட்டும் இங்கயே அனுப்பறீங்களா?” என்று சிரித்தார்.

அப்படியே காந்திபுரம் வந்து மூன்று கடை ஏறினேன். அவள் அளவுக்கு ஸ்பைக் இல்லை. பழைய ஷூவைத்தான் பசை போட்டு ஒட்டிக்கொடுத்தேன். சனிக்கிழமை ஓட்டத்தில் இரண்டாவது வளைவில் அடி கழன்று போயிற்று. மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தவள் கடைசியாக நொண்டி வந்து சேர்ந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: “கடைக்காரங்கதானேப்பா ஏமாத்திட்டாங்க?”

“ஆமா கண்ணு.”

மறுநாள் அந்தக் கடையிலிருந்து செய்தி. ஷூ பிடித்திருக்கிறதா, நட்சத்திரம் போடுங்கள் என்று. ஒன்று போட்டு, அவர்கள் செய்ததையெல்லாம் எழுதினேன். வேறு வீட்டு வாசலில் நின்றவரிடம் நான் ஓடிபி சொன்னதை அங்கேயும் எழுதவில்லை.

பெரியவள் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரிதான்.